அறுநூற்று நாற்பத்தாறு வாங்கிய பையன்

நம் பிள்ளைகள் கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டி, "இந்த ஸ்கோர் போதுமா?" என்று கேட்கிறார்கள். என் வயதுக்காரர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், நமக்கு என்ன தெரியும்? தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும். அதில் நான் முதல் ரேங்க். ஆனாலும் இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் கொச்சி மட்டாஞ்சேரியில் பேயறைந்தவன் போலத் திரிந்தவன் என்ற முறையில் எனக்குச் சொல்லச் சில உண்டு. என்னை அறைந்த பேய் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரிக்கலாம். இத்தனை வருஷமாக நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்குப் பதினேழு. பிரீ டிகிரி, அதாவது அந்தக் காலத்துக் கேரளப் பிளஸ் டூ, முடித்து எஞ்சினியரிங் எண்ட்ரன்ஸ் எழுதியிருந்தேன். மிளகுக் கடைகள் இருந்த தெருவுக்குப் பின்னால், முனிசிபாலிட்டி வேலைக்காரர்களும் கோடவுன் ஆட்களும் குடியிருந்த ஒரு லைன் வீட்டில் நாங்கள் இருந்தோம். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்துவிட்ட குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், சண்டைக்கு மட்டும் இரண்டும்.

அப்பா மிளகு புரோக்கர். புரோக்கர் என்றதும் பங்களா, கார் என்று போய்விடாதீர்கள். அவருடைய ஆபீஸ் அவருடைய சட்டைப் பைதான். கோடவுனில் சாக்கைக் குத்தூசியால் குத்தி ஒரு கை மிளகு எடுப்பார். பழைய பேப்பரில் பொட்டலம் கட்டி, அந்தச் சாம்பிளோடு ஏற்றுமதிக்காரர்களின் படியேறி இறங்குவார். வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றி உதறும்போது நாங்கள் எல்லாரும் வரிசையாகத் தும்முவோம். அம்மா கடைசியாகத் தும்முவாள். அதன் பிறகுதான் சோறு.

எண்ட்ரன்ஸ் முடிந்த வாரம் எங்கள் டியூஷன் சென்டரின் சுவரில் சரியான விடைகளை ஒட்டினார்கள். சரியான விடைக்கு மார்க், தப்புக்கு மைனஸ். வினாத்தாளில் நான் போட்டு வைத்திருந்த புள்ளிகளைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினேன். முதல் தடவை 551. இரண்டாம் தடவை 538. ஒன்பது தடவை கூட்டினேன். கணக்குப் பரீட்சை எழுதி எஞ்சினியர் ஆகப்போகிறவனுக்கு ஒரே கணக்குக்கு ஐந்து விடை வந்தது. கடைசியில் தேர்தல் நடத்தி, மூன்று ஓட்டு வாங்கிய 546 ஜெயித்ததாக அறிவித்தேன். மொத்தம் எத்தனைக்கு என்பது இன்றைக்கு மறந்துவிட்டது. 546 மறக்கவில்லை.

ஆசை ஒன்றுதான். வடக்கே இருந்த அந்தப் பெரிய காலேஜ். நாடு முழுவதிலிருந்தும் பையன்கள் வந்து படிக்கிற இடம். எங்கள் லைனிலிருந்து அதுவரை யாரும் அந்தப் பக்கம் பஸ்கூட ஏறியதில்லை. 546 போதுமா? டியூஷன் சாரிடம் கேட்டால், "ரேங்க் வரட்டும்" என்பார். அரசாங்கம் ரேங்கை மட்டும்தான் போடும். எந்த மார்க்குக்கு எந்த ரேங்க் என்பது, மழை எத்தனை மணிக்கு நிற்கும் என்பதைப் போல, எல்லாரும் சொல்வார்கள், யாருக்கும் தெரியாது.

அம்மா உடனே ஒரு சட்டம் போட்டாள்.

"இந்த நம்பர் வெளிய போகக்கூடாது. கண்ணு பட்டா நிக்காது. உங்களுக்குத்தான் சொல்லுதேன், வாயத் தொறந்து யார்ட்டயும் சொல்லக்கூடாது."

அப்பா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "நான் ஏன் வாயத் தொறக்கேன்?"

அந்தச் சத்தியத்தை அவர் ரேங்க் வரும்வரை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். வினையே அதுதான்.

*

ஜூன் பிறந்து பத்து நாள் இருக்கும். லைனில் எனக்கு ஒரு கூட்டுக்காரன், உயிர்த்தோழன், இருந்தான், முனிசிபாலிட்டித் தூய்மைப் பணியாளரின் மகன். அவனும் எண்ட்ரன்ஸ் எழுதியிருந்தான். "மைனஸ் மார்க்கெல்லாம் கழிச்சுப் பாத்தேன்டா, மிச்சம் இருக்கறது என் பேரு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவன். அவன்தான் ஓடி வந்து சொன்னான்.

"எடா, அறிஞ்சியா? மட்டாஞ்சேரில ஒருத்தன் அறுநூத்தி நாப்பத்தாறு வாங்கியிருக்கான்!"

"யாரு?"

"தெரியல. டியூஷன்ல பேசிக்கறாங்க. படகுலயும் பேச்சு அதான்."

என்னைவிட முழுசாக நூறு மார்க். அதுவும் எங்கள் ஊரிலேயே. அன்று மதியம் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். இந்தச் சின்ன மட்டாஞ்சேரியிலேயே ஒருத்தன் என்றால் எர்ணாகுளத்தில் பத்துப் பேர். திருச்சூரில் முப்பது. கோட்டயத்தில் பாதிரிமார் பள்ளிக்கூடங்களை எண்ணி ஐம்பது. அவனுக்கும் எனக்கும் நடுவே நூறு மார்க் இடைவெளி, மார்க்குக்குப் பத்துப் பேரைத் தூவினால் ஆயிரம். ஒரே ஒரு பையனை வைத்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் ஆயிரத்துச் சொச்சம் பேரை எனக்கு முன்னால் வரிசையில் நிறுத்திவிட்டேன். பிற்காலத்தில் தொழிலில் எத்தனையோ மதிப்பீடு போட்டிருக்கிறேன், இவ்வளவு வேகமாகப் போட்டதில்லை.

ராட்சசனை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் பயம் தெளியும் என்று கூட்டுக்காரன் சொன்னான். இரண்டு பேரும் ஒரே குடையில் தேடக் கிளம்பினோம். அவன் எப்படி இருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தடித்த கண்ணாடி, சீவிய தலை. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடுகிற வீடு. பக்கத்தில் பால் டம்ளருடன் ஓர் அம்மா. படகு ஜெட்டி பக்கம், கோயில் பக்கம், போர்ட் கொச்சி போகிற சந்துகள் என்று மூன்று நாள் அலைந்தோம். ஒரு தையல்காரர் நாங்கள் எதையோ திருடிவிட்டு ஒளிய இடம் தேடுவதாக நினைத்து விரட்டினார்.

மூன்றாம் நாள் மிளகுத் தெரு சாயாக்கடையில் துப்புக் கிடைத்தது. கடைக்காரர் சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"அந்த செக்கனா? ஏதோ தமிழன்டெ மகனாக்கும். அப்பன் மிளகுக் கச்சவடம்னு கேட்டு."

மிளகு வியாபாரம் பார்க்கும் தமிழனின் மகன்! எனக்குப் பொறாமையில் காது சூடாகிவிட்டது. எங்களைப் போன்ற ஆளா! தெருவில் இருந்த தமிழ்க்காரர்களை விரல் விட்டு எண்ணினேன். எடை போடுகிறவரின் மகன் ஒன்றாம் வகுப்பு. சாக்குத் தைப்பவரின் மகன் துபாயில். கணக்குப்பிள்ளைக்கு மூன்றும் பெண். என்னைத் தவிர எல்லாரையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படி யாருமே இல்லையேடா" என்றேன். கூட்டுக்காரனும் வெகு நேரம் யோசித்து, "இல்ல" என்றான். இரண்டு பேரும் எஞ்சினியரிங் படிக்கத் தகுதியானவர்களா என்று அந்தச் சாயாக்கடைக்காரரைக் கேட்டிருந்தால் அப்போதே முடிவு தெரிந்திருக்கும்.

*

எனக்கு எர்ணாகுளத்தில் ஒரு டிகிரி காலேஜில் பி.எஸ்.சி. பிசிக்ஸில் சேரச் சொல்லிக் கார்டு வந்திருந்தது. நல்ல காலேஜ்தான். ஒரு சிக்கல்: சேர்கிற அன்றே எஸ்.எஸ்.எல்.சி. புக், டி.சி., மார்க் லிஸ்ட் எல்லாவற்றையும் ஒரிஜினலாகக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் அந்த வருஷத்துக்குத் திரும்பக் கையில் வராது என்று பேச்சு. எஞ்சினியரிங் இன்டர்வியூவில் அதே ஒரிஜினல்களைக் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் ரேங்க் இருந்தும் சீட் இல்லை. டிகிரி காலேஜில் சேரக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ரேங்க் லிஸ்ட் அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான். ஒரு காகிதக் கட்டு, இரண்டு காலேஜ். என் ஜாதகமே ஒரு பழுப்பு ஃபைலுக்குள் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

அதுவரை அப்பாதான் எனக்குத் தூண். "கெடைக்கும்டா, போ" என்று பொட்டலம் மடித்துக்கொண்டே சொல்வார். அதற்கு முந்தின வியாழக்கிழமை, பி.எஸ்.சி.யே போதும் என்று நான் டிகிரி காலேஜ் விண்ணப்பத்தில் கையெழுத்துக் கேட்டு நின்றபோது அவர் மறுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யாருடா அந்த அறுநூத்தி நாப்பத்தாறு?" என்றார் மெதுவாக.

"உங்களுக்கும் தெரிஞ்சு போச்சா?"

"தெரு முழுக்க அதானே பேச்சு." குரல் இறங்கியிருந்தது. "ஒரு கை சாம்பிள்ல முழு லோடும் தெரிஞ்சிரும்டா. நம்ம ஊர்ச் சாக்குல குத்தினாலே இப்படி ஒரு மணி வருதுன்னா, வெளிய எப்படிப்பட்ட சரக்கு கெடக்கும்?"

கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு இடத்தில் பேப்பரைக் கிழித்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எவன் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்றாள், நல்லா இருக்கட்டும் என்கிற குரலில் இல்லை.

மறுநாள் காலை மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறினேன். ஃபைலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தேன். கையில் அப்பாவின் வளைந்த பிடி வைத்த நீளக்குடை. மழையில் வில்லிங்டன் தீவு தெரியவில்லை. படகின் டீசல் புகையும் யாருடைய கூடையிலிருந்தோ வந்த மத்தி வாடையும் சேர்ந்து, தோல்விக்கு என்று தனியாக ஒரு மணம் இருந்தால் அது இதுதான் என்று தோன்றியது. எனக்கு அப்போது பதினேழு வயது, அப்படியெல்லாம் தோன்றும்.

*

காலேஜ் ஆபீஸ் ஜன்னலில் நீண்ட வரிசை. மதியம் ஆகும்போது எனக்கு முன்னால் இரண்டே பேர். ஒருவர் அப்பாவின் தொழில் தோழரான சுக்கு புரோக்கர், மலையாளிச் சேட்டன். அவர் பக்கத்திலே போனாலே வெயில் காலத்து இஞ்சி வாசனை. இன்னொருத்தி அவருடைய மகள், என்னோடு டியூஷனில் முதல் பெஞ்சில் இருந்தவள். அவளுடைய ஃபைல் ஏற்கெனவே ஜன்னலுக்கு உள்ளே, கிளார்க்கின் மேஜை மேல் கண்ணாடிக் குண்டுக்குக் கீழே இருந்தது. கிளார்க் சீல் வைக்காமல் சாயா குடிக்கப் போயிருந்தார்.

சேட்டன் என்னைப் பார்த்ததும் கண்ணை விரித்தார். எங்களோடு பேச அவர் ஒரு தமிழ் வைத்திருந்தார், பாதி மலையாளம், மீதி தைரியம்.

"எடா மோனே, நீ எந்தா இவிடே?"

"சேரத்தான் சேட்டா."

"எங்களைக் களியாக்க, கேலி பண்ண வந்ததா? அறுநூத்தி நாப்பத்தாறு வாங்கிட்டு ஆராவது பி.எஸ்.சி. சேருமோ?"

"யாரு வாங்கினது?"

"நீ! நீயல்லாம பின்னே ஆரு? நின்டெ அப்பன் சொன்னதல்லே?"

என் காலடியில் படகு ஆடியது, படகைவிட்டு இறங்கி இரண்டு மணி நேரம் ஆகியும். "எங்கப்பா வாயத் தொறந்து சொன்னாரா?"

"வாயால் இல்லா. நின்டெ மார்க் எத்தரன்னு நான் கேட்டப்போ, தோர்த்துக்கு அடியில்."

இதை உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். தெருவில் போன் வந்த பிறகும் பழைய புரோக்கர்கள் சிலர் விலையை வாயால் பேச மாட்டார்கள். தோளில் கிடக்கும் தோர்த்து முண்டை, நம்ம ஊர்த் துண்டை, இரண்டு பேர் கைமேலும் போட்டு மூடிக்கொள்வார்கள். அடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். நாலு விரல் பிடித்தால் நாற்பது. மறுபடி ஐந்து விரலும் ஒரு விரலும் பிடித்தால் ஆறு. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது; பிற்பாடு விலை கசிந்தாலும் பிடித்தவன் பெயர் கசியாது. பேரம் படிந்தால் தோர்த்தை உருவிவிடுவார்கள்.

அம்மாவிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்த மனிதர், மனசு தாங்காமல், கையைத் திறந்திருக்கிறார்.

மகள்தான் முதலில் சுதாரித்தாள். "அச்சா, எங்ஙனே பிடிச்சு? காணிக்கு."

அவர் மழைக்கோட்டுக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக் காட்டினார். "நாலு. பின்னே அஞ்சு, ஒண்ணு."

"அது நாப்பத்தாறு. அறுநூறு எவிடே?"

"நூறு ஆரும் பிடிக்கில்லா மோளே. மார்க்கெட் எந்த நூறில் ஓடுதுன்னு தெருவுக்கே தெரியுமல்லே."

"மிளகுக்குத் தெரியும். மார்க்குக்கு எது மார்க்கெட்?"

என் மார்க் 546 என்று நான் சொன்னேன். அம்மாவின் சட்டத்தை முதல் முறையாக வாயால் மீறியவன் நான்தான்.

"பின்னே எதுக்கு ஆறுன்னு எடுத்தீங்க சேட்டா?"

"எடா, நின்டெ அப்பன் பிடிச்ச பிடி அப்படி! ஐநூறுக்காரன் அங்ஙனே இறுக்குமோ? ரெண்டு நாள் எனக்கு விரல் மடங்கலை. இவளுக்கு ஐநூத்தி அறுபத்தொண்ணு. நான் என்ன நினைச்சேன்? இவளைவிடக் கம்மி வாங்கினவன்டெ அப்பன் இத்தனை இறுக்கமாப் பிடிக்குமோன்னு நினைச்சேன்."

ஆக, அந்தத் தடித்த கண்ணாடிக்காரன் நான். ஜெனரேட்டர் வீட்டுக்காரன் நான். மூன்று நாள் மழையில் என்னைத் தேடி நானே அலைந்திருக்கிறேன், சாயாக்கடைக்காரர் என் அடையாளத்தைச் சொல்லியும் நான் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. அப்பாவோ தன் பிடியைக் கண்டே தான் பயந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை. துக்கம். ஒரு நிமிஷம் 646 வாங்கியவனாக இருந்துவிட்டு அடுத்த நிமிஷமே நூறு மார்க்கைப் பறிகொடுத்தவன் நான் ஒருத்தன்தான்.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப உன்னைப் பேடிச்சா நான் இந்த லைனில் நின்னது?"

"நானும் என்னைக் கண்டு பயந்துதான் நின்னேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டாள். ஃபைல் எட்டவில்லை. சீல் வைத்துவிட்டால் அவளுடைய 561 அந்த மேஜையோடு முடிந்தது. அவள் திரும்பி என் குடையைப் பார்த்தாள். இந்த மாதிரிக் காரியங்களுக்கு என்னிடம் கேட்கவே வேண்டாம். குடையின் வளைந்த பிடியைக் கம்பிக்குள் விட்டு, ஃபைலின் கயிற்றில் கொக்கி போட்டு இழுத்தேன். கண்ணாடிக் குண்டு உருண்டு தரையில் விழுந்து, உடையாமல், ஆபீஸ் முழுவதும் சுற்றி வந்தது. ஃபைல் கம்பிக்கு வெளியே வந்த கணத்தில் கிளார்க் மீசையில் சாயா நுரையோடு வந்து நின்றார்.

"எந்தா அது?"

சேட்டன் உத்தரத்தைப் பார்த்தார். நான் குடையைப் பார்த்தேன். அவள் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஒண்ணுமில்ல சார். எங்களுக்குப் பேடி போயி."

"அப்போ லைன் விட்டு மாறு" என்றார் கிளார்க். "அடுத்தது."

யோசித்துப் பார்த்தால் எங்கள் மார்க்கில் ஒன்றுகூடக் கூடவில்லை. போதுமா போதாதா என்பது காலையில் தெரியாத மாதிரியேதான் மதியமும் தெரியவில்லை. ஆனாலும் திரும்புகிற படகில் மூன்று பேரும் கடலை கொரித்துக்கொண்டு வந்தோம். அதே டீசல் புகை, அதே மத்தி. இந்தத் தடவை பசியைக் கிளப்பியது.

வீட்டில் சொன்னபோது அப்பா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நூறைப் பிடிக்கலையோ நான்?"

"வாயத் தொறக்காதீங்கன்னு சொன்னதுக்கு, கையால ஊரெல்லாம் வெதச்சிட்டு வந்திருக்கீங்க!" என்றாள் அம்மா. அன்று ராத்திரி சாப்பாட்டில் அவருக்கு மட்டும் மீன் துண்டு சின்னதாக விழுந்தது.

*

அப்பாவை இப்போது நினைத்தால், அவருக்கு மிளகு தெரிந்த அளவுக்குப் பிள்ளை தெரியவில்லை என்று சொல்லத் தோன்றும். பிறகு, அந்தச் சேட்டனின் விரல் இரண்டு நாள் மடங்காமல் போன பிடியை நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு மார்க்கெட்டில் 546க்கு அவ்வளவு விலை வைத்தவர் அவர் ஒருத்தர்தான். சேட்டன் மொழிபெயர்த்ததில் ஒன்றும் பெரிய தப்பில்லை.

பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வடக்கே அந்தப் பெரிய காலேஜில் அவளுக்கு எலக்ட்ரானிக்ஸ், எனக்கு சிவில். ஒரிஜினல்களை மேஜையில் வைக்கும்போது என் எஸ்.எஸ்.எல்.சி. புக்கிலிருந்து இரண்டு மிளகு மணி உருண்டு இன்டர்வியூ போர்டின் முன்னால் விழுந்தது. நான்கு வருஷமும் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அறுநூத்தி நாப்பத்தாறே" என்பாள். இன்றும் அப்படித்தான். அந்தப் பழுப்பு ஃபைல் இப்போது எங்கே என்று தெரியவில்லை. குடை ஒரு பஸ்ஸில் போனது.

ஆனால் நான் சொல்ல வந்தது இதையெல்லாம் அல்ல, ரேங்க் வந்த நாளை.

லிஸ்டைப் பார்க்க அப்பாதான் எர்ணாகுளம் போனார். என்னைப் போகவிடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மத்தியானம் ஜெட்டியில் காத்து நின்றேன். லைனில் பாதிப் பேர், கூட்டுக்காரன், சாயாக்கடைக்காரர், எல்லாரும் ஏதேதோ வேலையாக வந்தவர்கள்போல அங்கேயே நின்றார்கள். அம்மா சற்றுத் தள்ளி, முந்தானையை வாயில் வைத்தபடி. படகு வந்தது. அப்பா இறங்கினார். முகத்தில் ஒன்றும் இல்லை, தொழில்காரர் முகம். நேரே என்னிடம் வந்து, தோளில் கிடந்த நனைந்த தோர்த்தை என் கைமேல் போட்டார்.

முதலில் என் விரல்கள் ஐந்தையும் மடக்கி மூடினார். ஆயிரம் இல்லை. அடுத்து நாலு விரலைப் பிடித்தார், ஒவ்வொன்றாக, நூறு, நூறு, நூறு, நூறு. எந்த நூறு என்று எனக்குச் சந்தேகமே வரக்கூடாது என்று ஒவ்வொரு விரலையும் ஆட்டிக் காட்டினார். பிறகு ஒரு விரல். பிறகு இரண்டு.

நானூற்றுப் பன்னிரண்டு.

அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஜெட்டியில் யாருக்கும் தெரியாது. தோர்த்துக்கு அடியில் கையை விடாமல் கேட்டேன்:

"போதுமாப்பா?"

அவருக்கும் தெரியாது. அவர் ஒரு தடவை அம்மாவைப் பார்த்தார். பிறகு அந்த மழைக்காலம் முழுவதும் கட்டிக் காத்த சத்தியத்தை, ஊர் பார்க்க, மழைச் சத்தத்துக்கு மேலே, வாயைத் திறந்து உடைத்தார்.

"போதும்டா!"

தோர்த்தை உருவிவிட்டார்.